அவள் மகள் பேசத் தொடங்கியபோது

என் மகனுக்கு நான்கு வயதானபோது, வாரம் ஒருமுறை அவனைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போவேன். பாயான் பாருவிலிருந்து ஜார்ஜ் டவுன்வரை பேருந்தில் முரண்டுபிடித்துக்கொண்டே வருவான். பயிற்சி அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில்தான் அவளை முதலில் பார்த்தேன். என்னைவிட ஆறேழு வயது இளையவள். கணவர் சாப்பாட்டுக்கடை நடத்தினார். அவள் மகளுக்கும் நான்கு வயது. அந்தக் குழந்தையும் ஒரு சொல்கூடப் பேசியதில்லை.

"டாக்டர் என்னக்கா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"பேசலாம், பேசாமலும் போகலாம்னாங்க."

"எனக்கும் அதேதான்லா சொன்னாங்க. மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க போல."

இருவரும் சிரித்துவிட்டோம். என் மகனைப் பற்றிய பேச்சில் நான் சிரித்தது அன்றுதான் முதல் முறை.

எங்களைப் போன்ற பெற்றோர் கூடும் ஒரு குழுவுக்கு அவள்தான் என்னைக் கூட்டிப்போனாள். பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள். சனிக்கிழமை காலையில் ஒரு சிறிய மண்டபத்தில் கூடுவோம். எந்தப் பல் டாக்டர் பொறுமையானவர், முடிவெட்டப் போனால் அலறும் பிள்ளையை என்ன செய்வது என்று பேசுவோம். எல்லோரும் நல்லவர்கள். ஆனாலும் எனக்குக் குழு என்றால் அவள்தான். மகன் சுவரில் தலையை மோதிக்கொண்டால் உடனே வாட்ஸ்அப்பில் அவளுக்குக் குரல்பதிவு அனுப்புவேன். பதிலில் அவள் பேச்சுக்குப் பின்னால் மகளின் முனகல் கேட்கும். அதைக் கேட்டாலே பாதி பாரம் இறங்கிவிடும்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு அவள் குரல்பதிவு அனுப்புவதை நிறுத்திக்கொண்டாள். எழுத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். கேட்டால் "கடையில வேலைக்கா" என்பாள். குழுவுக்கும் தனியாக வந்து சீக்கிரம் கிளம்பினாள்.

ஒரு நாள் பசாரில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குழந்தையின் குரல் கேட்டது. "உம்மா, அது வேணாம். இது."

திரும்பினேன். அவளும் மகளும். என்னைக் கண்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது, எதையோ திருடி மாட்டிக்கொண்டவள் போல.

"அக்கா, சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"நல்லா பேசுறாளே," என்றேன். ஒரு வாழ்த்துகூடச் சொல்லவில்லை. வாங்கிய கீரையைக்கூட எடுக்காமல் நடந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நான் செய்ததை எழுதவே கூசுகிறது. மகனின் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பி, "அம்மா சொல்லு, சொல்லுடா" என்று மறுபடி மறுபடி கத்தினேன். அவன் மிரண்டு அழுதான். கையை எடுத்தபோது கன்னத்தில் என் விரல்கள் பதிந்திருந்தன.

அதன்பின் நான் அவளை அழைக்கவில்லை. அவளும் குழுவுக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து, குழுவை நடத்தும் பெண்மணி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "தன் மகள் பேசுறதக் கேட்டு இங்க யாரும் அழக்கூடாதுன்னுதான் அவ வராம நின்னுட்டா. பாவம், ரெண்டு பாலர் பள்ளியில பிள்ளையச் சேர்க்க மாட்டேன்னுட்டாங்க. மத்த பிள்ளைங்களக் கடிக்குதாம்."

மறுநாளே அவள் வீட்டுக்குப் போனேன். இளைத்திருந்தாள்.

"பேச்சுதான் வந்துருச்சே, இன்னும் என்ன குறைன்னு சொந்தக்காரங்க கேக்குறாங்கக்கா. உங்ககிட்டயும் சொல்ல முடியல. யாருகிட்டதான் சொல்வேன்?"

"எங்கிட்ட ஏன் மறைச்ச?"

"நீங்க அழுவீங்கன்னு பயந்தேன்."

"அழுதேன்தான்," என்றேன். மகனின் தாடையைப் பிடித்துக் கத்தியதையும் சொன்னேன். வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அவள் என் கையைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

அப்போது மகள் அறைக்குள் எட்டிப் பார்த்து, "யாரு?" என்றாள்.

"பெரியம்மா," என்றேன். என் குரல் உடைந்தது. தோழி அதைக் கவனித்தாள். கவனிக்காதது போல் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள்.

இப்போது இருவரும் மறுபடி குழுவுக்குப் போகிறோம். தினமும் பேசுகிறோம். மகளின் தொல்லைகளை முன்போலவே கொட்டுவாள். நல்லது நடந்தால் மட்டும், நான் கேட்டால்தான், குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள். நானும் விடாமல் கேட்கிறேன். என் மகனுக்கு ஒன்பது வயதாகிவிட்டது, இன்னும் பேசவில்லை. அவள் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்து போனை வைத்தபின், சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் அவனிடம் போகிறேன்.