அண்ணன்மேல் வந்த ஆட்சேபணைகள்

என் அண்ணன் எட்டு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தான். இருபத்தாறாவது வயதில் ஒரு நாள், கையில் கிரீஸோடு சமையலறை வாசலில் நின்று, "அம்மா, நான் சாமியாராப் போறேன்" என்றான்.

"கையக் கழுவிட்டுப் பேசு" என்றாள் அம்மா.

கடவுள் நிஜமாகவே கூப்பிட்டாரா என்று நான் தனியாகக் கேட்டேன். "மிஸ்டு கால் மாதிரிதான் இருந்துச்சு. திருப்பிக் கூப்பிட்டுப் பாக்கணும்ல?"

பாதிரியார்களை உருவாக்கும் குருமடத்தில் ஏழு வருடம் படித்தான். அதற்குள் நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி ஆகியிருந்தேன். எதற்குப் படித்தேன் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. அவனுக்காவது எல்லாம் தெரிந்திருக்கிறதே என்று பொறாமைகூட உண்டு.

திருத்தொண்டர் பட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அது குருவாவதற்கு முந்தைய படி. அதில் ஏறிவிட்டால் கல்யாணம், குடும்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பதுபோல மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பார்கள்: தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லலாம். வழக்கமாக ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. எங்கள் பங்குத்தந்தை புதியவர். மூன்றாவது ஞாயிறு, ஆர்வக்கோளாறில், "தெரிந்தும் மறைப்பது பாவம்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டார்.

பூசை முடிந்ததும் பங்குத்தந்தையின் அலுவலக பெஞ்சில் இடமில்லை. எழுதித்தர ஆள் வேண்டும் என்று, பட்டதாரி என்ற ஒரே தகுதிக்காக என்னை உட்காரவைத்தார்கள். அண்ணன்மேல் வரும் புகாரைத் தங்கச்சி எழுதலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

முதலில் தையல்காரர். "என் சைக்கிள வாங்கிட்டுப் போயி பஞ்சராத் திருப்பித் தந்தான், சாமி."

"எப்போ?"

"பதினஞ்சு வருஷம் இருக்கும். பாவம்னு சொன்னீங்களே, அதான்."

அடுத்து எங்கள் அத்தை. "என் பொண்ண வேண்டாம்னு சொல்ல அவனுக்குக் கடவுள்தான் கெடைச்சாரா? அவ கருப்பா இருக்கான்னு நேராச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே!"

பாடகர் குழுத் தலைவிக்கு ஒரே வரி. "இவன் பாடிப் பூசை வச்சா, நான் பக்கத்துப் பங்குக்குப் போயிருவேன்."

எல்லாவற்றையும் எழுதினேன். பெஞ்சின் கடைசியில் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"உனக்கு இங்க என்னப்பா வேலை?" என்றார் பங்குத்தந்தை.

"ஒரு ஆட்சேபணை இருக்கு சாமி."

"யார் மேல?"

"என் மேலதான்."

என் பேனா நின்றுவிட்டது.

"மூணு வாரமா, யாராவது பெருசா ஒண்ணச் சொல்லி நிறுத்திருவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். பஞ்சருக்கு மேல எதுவும் தேறல. அப்படிக் காத்துக்கிட்டு இருந்ததே தப்புன்னு இப்பத்தான் உறைச்சுது."

"விருப்பம் இல்லையா?"

"இருக்கு. அம்மாவுக்கும் இது பெரிய ஆசை. இந்த விருப்பம் என்னுதா, அம்மாவோடதான்னு பிரிச்சுப் பாக்கத் தெரியல. ஒரு வருஷம் வேணும்."

"பட்டம் குடுக்க ஆயர் தேதி குடுத்தாச்சேப்பா!" பங்குத்தந்தை தலையில் கைவைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "முதல் மூணையும் கிழிச்சுப் போடும்மா. இத மட்டும் எழுது. ஆயருக்கு அனுப்பணும்."

அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ வேலைக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். இவ்வளவு உண்மையாக ஒரு வரி எழுதியதில்லை.

யாரோ ஆட்சேபணை சொல்லிப் பட்டம் தள்ளிப்போகிறது என்ற செய்தி எங்களுக்கு முன்பே வீட்டுக்குப் போயிருந்தது. அம்மா இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பி நின்றாள். "எவன்டா அந்தக் கட்டையில போறவன்? நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்!"

"நான்தாம்மா."

அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். செருகிய சேலையை அவிழ்த்து விட்டாள். நாலு கேள்வி இல்லை, ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப உனக்கு என்னதான்டா வேணும்?"

"தெரியலம்மா. இந்தத் தடவ நானே பாத்துச் சொல்றேன்."