திரையில் நகராத மழை

வானிலை ரேடாரில் வேலை பார்ப்பவன், பெய்யாத மழைக்கும் பெய்த மழைக்கும் சேர்த்துத் திட்டு வாங்குகிறவன். மேலதிகாரிக்கு ஒரு பதில், போனில் கேட்பவருக்கு ஒரு பதில் என்று காலம் தள்ளும் உங்களுக்கு என் அவஸ்தை புரியும்.

இரண்டாயிரங்களின் ஆரம்ப வருடங்கள். இலங்கை மலையகத்தில் பட்டிப்பொலவுக்கு மேலே சோதனைக்காக வைத்திருந்த சிறிய ரேடார் நிலையத்தில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். எதிர் முகட்டில் புதிதாக மூன்று காற்றாலைகள் வந்திருந்தன. அவற்றால் ரேடாரில் உண்டாகும் குழப்பத்தைக் குறைத்து அறிக்கை கொடுத்தால் வேலை நிரந்தரமாகும் என்றார்கள். நிரந்தரமாகிவிட்டதாகவே அம்மா தோட்டம் முழுக்கச் சொல்லியிருந்தார்.

வெயிலில் பெய்த மழை

அந்த முகட்டுக்குக் கீழே இருந்த பக்கத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை தினமும் காலைப் பெரட்டில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் முன் போன் செய்வார். உரம் போட ஆள் அனுப்பலாமா என்று கேட்பார். போட்ட கையோடு மழை கொட்டினால் உரமெல்லாம் ஓடையில் போய்விடும். ரேடார் திரையில் அந்த முகட்டின் மேல் பச்சையும் மஞ்சளுமாக ஒரு திட்டு. காற்றாலைக் குழப்பம் அசல் மழை மாதிரியே தெரியும் என்று எனக்கு அப்போது தெரியாது. "பலத்த மழைங்க, வேணாம்" என்றேன். மூன்று நாள் அதே திட்டு, அதே பதில். மூன்று நாளும் நல்ல வெயில்.

நான்காம் நாள் அவர் சொன்னார்: "தம்பி, நீங்க சொல்ற மழையில கொஞ்சத்த இந்தப் பக்கம் அனுப்பி விடுங்க. பொம்பளைங்க வேர்த்துப்போய் நிக்கிறாங்க."

இரண்டு தடவை விளங்கியது

எங்கள் பொறியியலாளர் யாழ்ப்பாணத்துக்காரர். பொறுமையாகச் சொல்லித் தந்தார். மலை அசையாது, அதனால் மெஷின் அதைத் தானாகவே அழித்துவிடும். மழைத்துளி அசையும், அதனால் வைத்துக்கொள்ளும். காற்றாலையின் இறக்கையும் சுற்றுவதால் அதை மழை என்று எடுத்துக்கொள்கிறது. "ஆனா அந்தத் திட்டு ஒரே இடத்துலதானே நிக்குது, சேர்?" என்றேன். "இடம் நகரேல்லை, இறக்கைதான் நகருது" என்றார்.

விளங்கிவிட்டது என்று மேசைக்கு வந்தேன். உட்கார்ந்ததும் விளங்கவில்லை. திரும்பப் போய்க் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்: "தம்பி, அந்த மெஷினுக்கே இன்னும் விளங்கேல்லை. நீர் ஏன் அவசரப்படுறீர்?"

பத்து நிமிட நிறுத்தம்

காற்றாலைகளை நிறுத்தினால் திட்டு மறைய வேண்டும். அங்கே காவலுக்கு இருந்த காமினி அண்ணனிடம் சொல்லி, அனுமதி வாங்கிப் பத்து நிமிடம் நிறுத்தச் செய்தோம். திட்டில் இரண்டு துண்டுகள் மறைந்தன. மூன்றாவது மறையவில்லை. ஒன்றை நிறுத்த மறந்துவிட்டார் என்று நினைத்துப் போனில் கேட்டேன், அதுவும் ஒரு தடவை அல்ல.

சிங்களம் கலந்த தமிழில் பதில் வந்தது: "மாத்தயா, மூணும் நிக்குது. நான் நனையுது. இது மழைதானே?"

சுத்தமான திரை

தினமும் நிறுத்த முடியாது. இறக்கைகளுக்கு மேலே பார்க்கட்டும் என்று ரேடாரின் முகத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்தோம்; எங்கள் மலையில் மேகம் தாழ்வாகவே வருவதால் உண்மை மழையும் தப்பிப் போனது. கெடு நெருங்க, அந்த முகட்டில் எது தெரிந்தாலும் காட்டாதே என்று மெஷினுக்குக் கட்டளை கொடுத்தேன். திரை துடைத்த மாதிரி ஆனது. கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து பார்க்க வந்தவர்கள் என் தோளில் தட்டினார்கள்.

அடுத்த வாரம் கணக்கப்பிள்ளை கேட்டார். திரையில் ஒன்றுமில்லை. "தாராளமா அனுப்புங்க" என்றேன். பத்து மணிக்கு அந்த முகட்டிலிருந்தே மழை இறங்கி, ஒரு மலை முழுக்கப் போட்ட உரத்தையும் கழுவிக்கொண்டு போனது. காற்றாலையை அழித்தபோது அதன் மேலிருந்த வானத்தையும் அழித்திருக்கிறேன். போன் அடித்தபோது எடுக்கவே பயந்தேன்.

அவர் கத்தவில்லை: "தம்பி, முந்தி இல்லாத மழைய இருக்குன்னீங்க. இப்ப இருந்த மழைய இல்லைன்னுட்டீங்க. நீங்க எதச் சொன்னா நாங்க குடை எடுக்கிறதுன்னு மட்டும் சொல்லிருங்க."

இரண்டு அறிக்கைகள்

'குழப்பம் நீக்கப்பட்டது' என்று ஓர் அறிக்கை தயாராக இருந்தது. அதைக் கொடுத்தால் வேலை. கொடுக்க மனம் வரவில்லை. இன்னொன்று எழுதினேன்: நீக்கவில்லை, மறைத்தோம், அந்த முகடு வெறுமையாகத் தெரிந்தால் மழை இல்லை என்று அர்த்தமல்ல, அந்த இடத்துக்குச் சாம்பல் நிறம் பூசி, காவலாளியிடம் போனில் கேட்ட பிறகே பதில் சொல்ல வேண்டும். சாம்பல் பூசிய திரையின் படமும் வைத்தேன்.

பொறியியலாளர் இரண்டு தடவை வாசித்தார். பேனாவை எடுத்தார்: "நிரந்தர வேலை கேக்கிற ஆள், 'எங்களுக்குத் தெரியாது' எண்டு படம் கீறிக்கொண்டு வந்து நிக்கிறீர். சரி, நான் கையெழுத்து வைக்கிறன். மேல என்ன சொல்லுவினமோ, எனக்கும் தெரியாது."

ஆக, தெரியாததைத் தெரியாது என்று எழுதியதற்குப் பலனாக எனக்குக் கிடைத்தது, வேலை நிலைக்குமா நிலைக்காதா என்று தெரியாத இன்னொரு ஆறு மாதம்.