குழியின் பின்பக்கம்

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்தான் புல்லக்காவின் பண்ணை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கிறது. பால் சங்கத்தில்கூட யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மேய்ச்சலில் இறங்கினால் குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கி, அடித்தண்டைக் கடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்.

"எங்க அக்கா அடுத்த ஜென்மத்துல மாடாப் பொறக்கப் போறா. இப்பவே பழகிக்கிறா" என்று அவர் தம்பி கேலி செய்வார்.

"பொறந்தாலும் உன் தொழுவத்துல பொறக்கமாட்டேன். நீ பேசிக்கிட்டே தண்ணி காட்ட மறந்துடுவ" என்பார் அக்கா.

அப்பா போன பிறகு அக்காவும் தம்பியும்தான் பண்ணையைத் தூக்கி நிறுத்தினார்கள். அக்காவுக்கு வந்த வரன்களெல்லாம் பண்ணையை விட்டுவிட்டு வா என்றதால், அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தம்பிக்குக் கல்யாணமாகி, அவர் மனைவியும் அதே வீட்டுக்கு வந்தார். ஒரே அடுப்பு, ஒரே சாப்பாட்டு மேசை. வேலையை மட்டும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். புல்லும் குழியும் அக்காவுக்கு. மாடும் கறவையும் சாணமும் தம்பிக்கு. ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை. அப்படி நுழைக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று அக்கா நினைத்தார். பிற்பாடு அதற்காகத்தான் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

குழி என்று பெயரே தவிர, அது தரைக்கு மேலே இருப்பது. இரண்டு பக்கமும் நீளமான கான்கிரீட் சுவர், முன்னும் பின்னும் திறப்பு. பச்சைப் புல்லைப் பொடியாக நறுக்கி அதற்குள் கொட்டி, டிராக்டரை மேலே ஏற்றி மிதித்து, காற்றுப் புகாமல் மூடிவிட்டால் புல் புளித்து மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். சைலேஜ் என்று சொல்வார்கள். அக்கா சொல்வது ஊறுகாய்ப் புல். மேய்ச்சல் காய்ந்துபோகும் மாதங்களில் மாடுகளுக்கு அதுதான் சோறு.

அதில் அக்காவுக்கு இருந்த கைப்பக்குவம் சுற்றுவட்டாரத்துக்கே தெரியும். கதிர் தலைநீட்டுவதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும். முற்றினால் மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பனி உலர்ந்த பிறகு வெட்டி, வெயிலில் ஒரு பகல் வாட விடுவார். நறுக்கிய புல்லை ஒரு பிடி எடுத்து இறுக்கி உருட்டி, உள்ளங்கையை விரிப்பார். தண்ணீர் கசிந்தால் இன்னும் வாட வேண்டும். உடனே சிதறினால் காய்ந்துவிட்டது. உருண்டை மெல்லச் சோம்பல் முறிப்பதுபோல அவிழ வேண்டும். அவிழ்ந்தால் ஒரே வார்த்தைதான்: "கொட்டு."

கொட்டக் கொட்ட மிதிப்பவர் டிராக்டர்காரர். அக்கா வயதுதான். அதிகம் பேசமாட்டார். முன்பக்கம் ஏறிப் பின்பக்கம் இறங்கி, மறுபடி ஏறி, சக்கரத் தடமே பதியாத அளவுக்குக் குழி இறுகும்வரை இருக்கையை விட்டு இறங்கமாட்டார். அதன் பிறகு கறுப்பு ஷீட்டை இழுத்துப் போர்த்தி, பழைய டயர்களை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்குவார்கள்.

அந்த வருடமும் அப்படித்தான் நடந்தது. மேகம் திரண்டு வந்ததால் கடைசியில் கொஞ்சம் ஓட்டமும் நடையுமாகிவிட்டது. ஆனாலும் மழையின் முதல் துளி விழுந்தபோது, கடைசி டயரும் ஏறிவிட்டிருந்தது. அக்கா ஷீட்டின் மேல் உட்கார்ந்து, நனைந்துகொண்டே சிரித்தார். "இந்த வருஷம் கறந்தா பால் இல்ல, தேன்தான்" என்று தம்பி கத்தினார். எங்கள் வீடுவரை கேட்டது.

மேய்ச்சல் காய்ந்ததும் குழியின் முன்பக்கத்தைத் திறந்தார்கள். நல்ல வாசம். லேசான புளிப்பு, கனிந்த பழத்தின் வாடை. அக்கா அகலக் கத்தியால் சுவர்போல நேராக வெட்டி எடுப்பார். ஒரு துகள் சிந்தினாலும் கூட்டி அள்ளிப் போடுவார். சில வாரங்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று.

பிறகு ஒரு காலை, வெட்டிய இடத்தில் கை வைத்தார். சூடாக இருந்தது. இருக்கக் கூடாத சூடு. இன்னும் உள்ளே வெட்டியதும் நீலமும் வெள்ளையுமாகப் பூஞ்சணம். அன்றைக்கு எடுத்ததைக் கொட்டிவிட்டு, நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டார். மறுநாளும் அதேதான். மாடுகள் தொட்டியில் மூக்கை வைத்துவிட்டு நிமிர்ந்துகொண்டன. பால் குறைந்தது. அக்கா கன்றிலிருந்தே பார்த்துப் பார்த்து வளர்த்த கிடாரி ஒன்று முதல் சினையில் இருந்தது. அதற்குக் கன்று தங்கவில்லை.

மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "தீவனம்தாம்மா. எங்கயோ காத்து பூந்திருக்கு" என்றார்.

அக்கா தொழுவத்துக் கட்டையில் உட்கார்ந்து, தம்பியை நிமிர்ந்து பார்த்தார். "எப்படிடா பூரும்? நான்தானே மூடினேன்?"

தம்பி பக்கத்தில் வந்து நின்றார். குரலை இறக்கி, ஆறுதலாகத்தான் சொன்னார்: "மழைக்குப் பயந்து அவசரப்பட்டுட்டக்கா. ஈரம் அதிகமா இருந்திருக்கும். டிராக்டர்காரரும் கடைசியில சரியா மிதிக்கல. விடு, எல்லாருக்கும் ஒரு வருஷம் தப்பும்."

அக்கா நம்பினார். நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது, சொன்னது தம்பி. அன்றிலிருந்து அவரிடம் ஒரு மாற்றம் வந்ததை நானே கவனித்தேன். புல்லைப் பிடுங்கிக் கடிப்பார், கடித்துவிட்டு முகம் சுளிப்பார், இன்னொன்றைப் பிடுங்குவார். தன் நாக்கின் மேலேயே நம்பிக்கை போய்விட்ட மாதிரி. ஒரு நாள் வேலியோரம் நின்று என்னிடம், "வயசாகுதோ என்னவோ. கை மரத்துப்போச்சு போல" என்றார்.

அந்த ஆற்றாமையில்தான் அவர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தார். பால் சங்கத்து வாசலில் நாலு பேர் முன்னால், டிராக்டர்காரர் வேலையில் சுத்தமில்லை, அவரை நம்பிக் குழி போடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். அக்கா சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. அவரைக் கூப்பிட இருந்த இரண்டு பண்ணைக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். டிராக்டர்காரர் சண்டைக்கு வரவில்லை. வழியில் பார்த்தபோது, "நான் சரியாத்தான் மிதிச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினார்.

உண்மையைச் சொன்னவருக்கு, தான் சொல்வது இன்னதென்றே தெரியாது. பால் வண்டி ஓட்டுகிறவர். ஒரு காலை கேன்களை ஏற்றிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார்:

"இனிமே நான் கொஞ்சம் லேட்டா வருவேங்க்கா. தம்பியோட புதுக் கொட்டகையிலயும் பால் எடுக்கணும்ல."

"எந்தத் தம்பி?"

"உங்க தம்பிதாங்க்கா. மேட்டுக்கு அந்தாண்ட, அவர் மாமனார் நெலத்துல. நல்ல மாடுங்க. அங்கயும் உங்க ஊறுகாய்ப் புல்லுதானே? வண்டிய நிறுத்தினதுமே வாசம் வந்துச்சு. அட, புல்லக்கா கை இங்கயும் இருக்கேன்னு நெனச்சேன்." அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவர் கேனை இறக்கி வைத்தார். "ஏங்க்கா, தெரியாதா?"

"தெரியும், தெரியும். நீங்க கெளம்புங்க" என்றார் அக்கா.

வண்டி போன பிறகு குழியைச் சுற்றிப் பின்பக்கம் நடந்தார். அங்கே அவருக்கு வேலையே கிடையாது. சாண மேடு இருக்கும் இடம், தம்பியின் எல்லை. முன்பக்கத்திலிருந்து பார்த்தால் டயர்கள் எப்போதும்போல வரிசையாகத் தெரியும். பின்னால் குழி சரிந்து இறங்குவது தெரியாது. அங்கே டயர்கள் தாறுமாறாகக் கிடந்தன. ஷீட்டைத் தூக்கினார். உள்ளே வெறும் பள்ளம். சுவர்களுக்கு நடுவே ஒரு அறையே காலியாக இருந்தது. வெட்டுகூட இல்லை, வாரிப் பிய்த்து எடுத்திருந்தது. அந்தப் பிய்ந்த முகத்தின் வழியாகத்தான் காற்று உள்ளே போய், இந்தப் பக்கம்வரை அழுக வைத்திருக்கிறது. சாணம் ஏற்றிப் போகும் டிரெய்லரின் தடம் குழியின் வாய்வரை வந்து திரும்பியிருந்தது.

அக்கா அழவில்லை. அந்த ஷீட்டை இழுத்துச் சரியாகப் போர்த்தி, டயர்களை அடுக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாராம். "பழக்கதோஷம். என்ன பண்றேன்னு எனக்கே தெரியல" என்றார் என்னிடம்.

தம்பி கறவையை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். மனைவி அடுப்படியில் இருந்தார். அக்கா வாசற்படியில் நின்றபடியே கேட்டார்.

"பின்பக்கம் போய்ப் பாத்தேன்."

தம்பி குழாயை மூடவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. முகத்தைத் திருப்பாமலே சொன்னார். "சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப?"

"உனக்கு என்னக்கா. எங்க போனாலும் புல்லக்கா பண்ணை, புல்லக்கா குழி. நான் யாரு? பால் கறக்கிற ஆளு. எனக்குன்னு ஒண்ணு வேணும்னு தோணிச்சு. சொன்னா நீ விடமாட்ட."

"விட்டிருப்பேனோ மாட்டேனோ, கேட்டுப் பாத்தியா? கேட்டிருந்தா நானே வெட்டி ஏத்தி அனுப்பியிருப்பேன். மூடத் தெரியாம பிய்ச்சு எடுத்து, மொத்தத்தையும் நாசமாக்கியிருக்க." அக்காவின் குரல் அதுவரை உயரவில்லை. "சரி, அதுகூடப் போகட்டும். கிடாரிக்குக் கன்னு போச்சு. நான் அந்தக் கட்டையில உக்காந்து, என் கையே போச்சேன்னு பொலம்பினேன். நீ பக்கத்துல நின்ன. உனக்குக் காரணம் தெரியும். ஆமாக்கா, நீதான் அவசரப்பட்டுட்டன்னு சொன்னியேடா. அத எப்படிடா சொன்ன?"

தம்பி குழாயை மூடினார். அடுப்படியிலிருந்து மனைவி வெளியே வந்தார். "அவர் சொல்ல வேணாம்னுட்டார் அண்ணி. எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு."

"கஷ்டத்தோடதான் எனக்கு தினம் சோறு போட்டியா?" என்று கேட்டுவிட்டு அக்கா தன் அறைக்குப் போனார்.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று ஊரில் பேசினார்கள். அந்தப் பேச்சும் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "வேலிக்கு வாய் இல்ல. இவனுக்கு இருந்துச்சு, தினமும் எங்கூடப் பேசினான்" என்றார்.

மாடுகளைப் பிரித்தார்கள். தனக்குப் பழகிய கறவை மாடுகளைத் தம்பி ஓட்டிக்கொண்டு போனார். கன்று போன கிடாரியை மட்டும் தரமுடியாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மிச்சமிருந்த கெட்ட தீவனத்தை அள்ளி எருவில் கொட்டிவிட்டு, வைக்கோல் வாங்கிப் போட்டு மாடுகளை எப்படியோ காப்பாற்றினார். கறவை அவருக்குப் புதிது. முதல் வாரம் விரல்கள் வீங்கி, டம்ளரைக்கூட இரண்டு கையால்தான் பிடித்தார். உதவிக்கு வரட்டுமா என்று கேட்டேன். "வா. ஆனா பொறுத்துக்கோ, எனக்கு எல்லார் மேலயும் எரிச்சலா வருது" என்றார். போனேன். எரிந்துதான் விழுந்தார்.

டிராக்டர்காரர் வீட்டுக்கு அவர் போனது அதற்குப் பிறகு. தனியாகப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. முதலில் பால் சங்கத்து வாசலில், அன்றைக்கு இருந்த அதே ஆட்களைக் கூப்பிட்டு நிறுத்தி, "நான் சொன்னது பொய். எனக்கே தெரியாம சொன்ன பொய். அவர் வேலை சுத்தம்" என்று சொன்னார். அதன் பிறகுதான் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

டிராக்டர்காரர் உட்காரச் சொன்னார். ஆனால் முகம் இளகவில்லை. "நீங்க எங்கிட்ட வந்து திட்டியிருந்தா பரவாயில்ல. இத்தன வருஷம் உங்க குழிமேல ஏறி எறங்கியிருக்கேன். ஒரு வார்த்த எங்கிட்ட கேக்கலையே."

அக்காவுக்கு அதே கேள்வியைத்தானே தானும் தம்பியிடம் கேட்டோம் என்று அப்போதுதான் உறைத்ததாம்.

"அடுத்த வெட்டுக்கு வருவீங்களா?" என்றார்.

"வரேன். ஆனா மிதிச்சு முடிச்சதும் நீங்க ரெண்டு பக்கமும் நடந்து பாக்கணும். பாத்துட்டு, சரின்னு எல்லார் முன்னாடியும் சொல்லணும். அதுக்கப்புறம்தான் நான் எறங்குவேன்."

வந்தார். அடுத்த வெட்டில் புல் நன்றாக வாய்த்தது. அக்கா ஒரு பிடி எடுத்து உருட்டினார். சரியாகத்தான் அவிழ்ந்தது. உடனே "கொட்டு" என்று சொல்லவில்லை. டிராக்டர்காரரிடம் நீட்டி, "நீங்களும் பாருங்க" என்றார். அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் சொன்னார். அந்தக் குழி கடைசிவரை கெடவில்லை.

தம்பியோடு இப்போது பேச்சு இருக்கிறது. பால் சங்கத்தில் பார்த்தால் மாட்டுக்கு என்ன, கன்றுக்கு என்ன என்று விசாரித்துக்கொள்வார்கள். போன வாரம் தம்பி தன் மேய்ச்சலில் புல் தழைத்து நிற்கிறது என்று சொன்னாராம். அக்கா நல்லது என்று கேட்டுக்கொண்டார். திரும்பும் வழியில் மேட்டைச் சுற்றிக்கொண்டு போய், தம்பியின் வேலியோரம் நின்று, புல் தழைத்துத்தான் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார்.

"நின்னுச்சா?" என்று கேட்டேன்.

"நின்னுச்சு. பொய் சொல்லல" என்றார். "நடந்து வந்ததுல கால்தான் வலிக்குது. என்ன பண்ண, பாக்காம இருக்க முடியல."