கவுண்டருக்கு ஒரு ஸ்டூல்

எங்கள் துணிக்கடையில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். வைத்தவர் எங்கள் தரைத்தளத்து மேனேஜர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள், சுவரில் சாய்ந்ததற்காக அவர் சத்தம் போட்டபோது, "சாயக்கூடாதுன்னு எங்க சார் எழுதியிருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். கிண்டலாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நான் மட்டும் அக்கா என்பேன். சட்டைத் துணிக் கவுண்டரில் பதினாறு வருடம் அவளுக்குப் பக்கத்தில் நின்றவள் நான்.

நின்றவள் என்றுதான் எழுத முடியும். அந்தக் கடையில் விற்கிறவர்கள் உட்காரக் கூடாது. வாங்க வருகிறவர்களுக்கு சோபா உண்டு. கல்லாவில் இருப்பவருக்கு நாற்காலி உண்டு. மேனேஜருக்குச் சுழல்கிற நாற்காலி. வாசல் கண்ணாடிக்குள் கோட்டுப் போட்ட பொம்மை ஒன்று கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். அக்கா தினமும் உள்ளே நுழையும்போது அதற்கு ஒரு வணக்கம் வைப்பாள். "சீனியர் ஸ்டாஃப்டி அவரு. மரியாதை குடுக்கணும்" என்பாள்.

ஆள் வராத நேரத்தில் சும்மா நிற்கவும் கூடாது. மடித்து அடுக்கிய துணியைப் பிரித்து, உதறி, மறுபடி மடிக்க வேண்டும். அழுக்கில்லை, கலையவில்லை, ஆனாலும் மடிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்குக் கடை சுறுசுறுப்பாகத் தெரிய வேண்டுமாம். ஒரே துணியை ஒரு நாளில் நாற்பது தடவை மடித்திருக்கிறேன்.

உட்காருவதற்கு நாங்கள் கண்டுபிடித்த ஒரே வழி குண்டூசி. துணி மடிப்பில் குத்துகிற ஊசியை வேண்டுமென்றே கீழே போட்டுவிட்டு, "ஊசி விழுந்திருச்சு" என்று கவுண்டருக்குப் பின்னால் குந்திவிடுவோம். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. தரையைத் தடவிக்கொண்டே காலை நீட்டிக்கொள்ளலாம். முறை வைத்துத்தான் விழும் ஊசி. ஒவ்வொரு கவுண்டருக்கும் மேலே கேமரா இருக்கும்போது மேனேஜருக்கு இது தெரியாமல் போகுமா? ஒரு நாள் ஒவ்வொரு கவுண்டருக்கும் நுனியில் காந்தம் கட்டிய ஒரு குச்சி வந்தது. "இனிமே குனிஞ்சு கஷ்டப்பட வேணாம்மா. நின்னுகிட்டே எடுத்துக்கலாம்" என்றார். அந்த மனிதருடைய மூளையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவுக்கு முதலில் கெண்டைக்கால் நரம்பு புடைத்தது. பிறகு கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்தது. பிறகு அங்கே ஒரு புண். அவளுடைய வீட்டுக்காரர் பஸ் டிரைவர். உட்கார்ந்து உட்கார்ந்தே முதுகு போனவர். "எங்க ரெண்டு பேரையும் கூட்டி ரெண்டால வகுத்தா ஒரு முழு மனுஷன் கிடைப்பான்" என்று அக்கா சொல்லிச் சிரிப்பாள். ஆனால் புண் சிரிப்புக்கு மசியவில்லை. டாக்டர் பச்சையாகச் சொல்லிவிட்டார்: மணிக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்து காலை உயரத் தூக்கி வைத்தால் ஆறும், இல்லையென்றால் ஆறாது. டாக்டர் சீட்டோடு மேனேஜரிடம் போனாள். "உடம்பு முடியலன்னா வீட்ல இருங்கம்மா. யார் வேணாம்னா?" என்றார் அவர்.

அன்றிலிருந்து அவள் மனு எழுத ஆரம்பித்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், மாடிப்படிக்கு அடியில் நின்றபடி, டப்பாவை ஜன்னல் விளிம்பில் வைத்து ஒரு கையால் சாப்பிட்டு ஒரு கையால் எழுதுவாள். தொழிலாளர் துறைக்கு, அமைச்சருக்கு, பத்திரிகைக்கு. மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் நகல் வைத்துக்கொள்வாள். "நமக்கும் மனுஷங்களுக்கு இருக்கிற உரிமைதான்டி இருக்கு. அதை யாராவது ஒருத்தர் ஞாபகப்படுத்தணும்ல?" என்பாள். நாங்கள் தலையாட்டிவிட்டுக் கையைக் கழுவப் போவோம்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், சட்டம் வந்தது. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ கடைகளிலிருந்து அவளைப் போல எழுதியிருப்பார்கள் போல. கடைகளில் வேலை செய்கிற எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும், நாள் முழுவதும் நிற்க வைக்கக் கூடாது என்று செய்தித்தாளில் நான்கு வரி. அதை வெட்டி எடுத்து வந்து எங்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். கடைசி வரியை வாசிக்கும்போது அழுதுவிட்டாள். பதினாறு வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு மாதத்தில் ஸ்டூல்கள் வந்தன. நீல நிற பிளாஸ்டிக், கவுண்டருக்கு ஒன்று. சுற்றியிருந்த உறையைப் பிரிக்கக் கூடாது என்று உத்தரவு. மேனேஜர் எங்களை வரிசையாக நிற்க வைத்துப் பேசினார். "சட்டப்படி குடுத்தாச்சு. கஸ்டமர் இல்லாதப்போ உட்காரலாம். ஆனா கஸ்டமர் எப்ப வருவாங்கன்னு நமக்குத் தெரியாது. அதனால எப்பவும் ரெடியா இருக்கணும்." எப்போதும் ரெடியாக என்றால் எப்படி என்று எல்லோருக்கும் புரிந்தது.

அக்கா உட்கார்ந்தாள். அன்றைக்கே, எல்லோரும் பார்க்க, உறையோடு சேர்த்தே உட்கார்ந்தாள். அது சரசரவென்று சத்தம் போட்டது. காலைத் துணிக்கட்டு ஒன்றின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "வாடி, அடுத்து நீ உட்காரு" என்று என்னைக் கூப்பிட்டாள். "அப்புறமா உட்கார்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவளை மூன்றாவது மாடிக்கு, போர்வைப் பிரிவுக்கு மாற்றினார்கள். வேலை செய்கிறவர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது. அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு படியேறப் போனாள். மேனேஜர் தடுத்தார்.

"ஸ்டூல் கவுண்டருக்கும்மா. ஆளுக்கு இல்ல."

"மேல கவுண்டரே இல்லையே சார். வெறும் அலமாரிதானே இருக்கு?"

"அதான் சொல்றேன்."

அவள் பன்னிரண்டாவது மனுவை எழுதினாள். எட்டு மாதம் கழித்து தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது, எங்களுக்கு அல்ல, மேனேஜருக்கு. அன்று காலை கடை திறந்ததும் அவரே உறைகளைக் கிழித்தார். "எல்லாரும் உட்காருங்கம்மா. நல்லா வசதியா உட்காருங்க" என்றார். உட்கார்ந்தோம். ஆய்வாளர் வருவதற்குப் பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. இரண்டரை மணி நேரம்! என் காலுக்கு என்னவோ திருவிழா போல இருந்தது. பாதம் முதலில் மரத்து, பிறகு சூடாகி, பிறகு அது ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. அந்தச் சுகத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆய்வாளர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மேனேஜர் பக்கத்தில் நிற்க, ஒவ்வொருத்தியாகக் கேட்டார். "உங்களை உட்கார விடுறாங்களா?"

"விடுறாங்க சார்" என்றேன்.

அந்த நேரத்தில் நான் உட்கார்ந்துதானே இருந்தேன், இதில் பொய் என்ன இருக்கிறது என்று மனதுக்குள் ஒரு சமாதானம். வீட்டில் வருமானம் என்னுடையது ஒன்றுதான் என்று இன்னொரு சமாதானம். நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் தளத்தில் பதினான்கு பேரும் போட்டோம். அவர் நின்றுகொண்டே எழுதுவதைப் பார்த்துப் பாவமாக இருந்தது. எழுந்து என் ஸ்டூலை அவருக்குக் கொடுத்தேன்.

பிறகு அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். மூன்று மாடி இறங்கி வந்தாள், கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக. கணுக்காலில் சுற்றியிருந்த கட்டு மஞ்சளாக ஊறியிருந்தது. ஆய்வாளர் என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் அவருக்கு முன்னால் நின்றாள்.

"நீங்க ஒருத்தர்தாம்மா புகார் குடுத்திருக்கீங்க. மத்த எல்லாரும் உட்கார்றோம்னு எழுதிக் குடுத்துட்டாங்களே?"

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். பதினான்கு பேரையும் வரிசையாகப் பார்த்துவிட்டு, என்னிடம் வந்ததும் கண்ணை எடுத்துக்கொண்டாள். நான் பொய் சொன்னேன் என்று அவள் சொன்னால் என் வேலை போகும், அது அவளுக்குத் தெரியும்.

"ஆமா சார். உட்கார்ந்துதான் இருக்காங்க" என்றாள்.

"அப்ப புகாரை முடிச்சிடலாமா?"

அவள் கவுண்டர் மேல் குனிந்து கையெழுத்துப் போட்டாள். அங்கே பதின்மூன்று ஸ்டூல் காலியாகக் கிடந்தது. நாங்கள் எல்லோரும் மரியாதைக்கு எழுந்து நின்றிருந்தோம். ஒருவர்கூட அவளை உட்காரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதை எழுதும்போது என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

அன்று மாலையே ஸ்டூல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டு குடோனுக்குப் போய்விட்டன. அடுத்த மாதம் அக்காவின் புண்ணில் சீழ் வைத்துக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம். தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள், பாதிதான் ஒட்டியது. சொல்லாமல் விடுப்பு எடுத்ததாகக் கடையிலிருந்து அவளுக்குக் கடிதம் போயிற்று. வேலை போயிற்று.

பார்க்கப் போக எனக்கு மூன்று மாதம் ஆனது. ஒற்றை அறை வீடு. ஒரு நாற்காலியில் அவள், எதிர் நாற்காலியில் தலையணை போட்டு அவள் கால். இளைத்திருந்தாள்.

"வாடி. பாத்தியா, இப்போ நாள் முழுக்க உட்கார்ந்துதான் இருக்கேன். கேட்டது கிடைச்சிருச்சு" என்று சிரித்தாள். காலைத் தூக்கிக் கீழே வைத்து, அந்த நாற்காலியை என் பக்கம் தள்ளினாள். "உட்காரு. இங்க கேமரா எதுவும் இல்ல."

"இருக்கட்டும்க்கா."

"உன் கால் எப்படி இருக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நரம்பு சுருட்டிகிட்டு நிக்குது. ராத்திரி இழுக்குது" என்றேன்.

அவள் கேட்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். அதை மட்டும் கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கேட்கவில்லை. அலமாரியைக் காட்டி ஒரு ஃபைலை எடுக்கச் சொன்னாள். அதிலிருந்து கடைசி மனுவின் நகலை உருவி என்னிடம் நீட்டினாள்.

"இதையே எழுது. சட்டத்தோட நம்பரெல்லாம் சரியா இருக்கு. பேரை மட்டும் மாத்திக்கோ."

"எழுதுறேன்க்கா" என்றேன். நான் எழுத மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தாள். போகும்வரை நான் உட்காரவில்லை.

அந்தத் தாள் என் கைப்பையில்தான் இருக்கிறது. மதியம் படிக்கட்டுக்கு அடியில் நின்று அதைப் பிரிக்கிறேன், ஒரு முறை உதறுகிறேன், ஓரத்தோடு ஓரம் சேர்த்து மறுபடி மடித்து வைக்கிறேன்.