மீசைக்குப் பின்னால் போன பேச்சு

தறிக்கூடத்தில் தொண்டையை நம்பிப் பிழைக்க முடியாது. விசைத்தறிகள் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவள் கூவினாலும் காதில் ஏறாது. அதனால் அங்கே பெண்கள் உதட்டால்தான் பேசுவார்கள். சத்தம் வராது, வாய் மட்டும் நன்றாக விரிந்து அசையும். மேஸ்திரியின் தொப்பையைப் பற்றி அவர் முன்னாலேயே வம்பளக்கலாம்.

அவளும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே நெய்கிறாள். தறி கூலியைக் கொடுத்தது, காதை எடுத்துக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்ததால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வீட்டிலும் அவள் உதட்டைப் பார்த்தே சமாளித்து வந்தாள்.

கணவர் பள்ளிக்கூட வாத்தியார். மறுநாள் நடத்த வேண்டிய பாடத்தைச் சாயங்காலமே அவளிடம் சொல்லிப் பார்ப்பார். காய் நறுக்கும் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்ப்பாள். நீராவி எஞ்சின், தந்தி, தையல் மிஷின் எல்லாம் அந்தச் சமையலறைக்குள் அப்படித்தான் வந்தன.

"விசைத்தறியைக் கண்டுபிடிச்சவர் ஒரு பாதிரியார். அதுக்கு முன்னாடி தறி ஓடிப் பார்த்ததே இல்லையாம்."

"பார்த்திருந்தா இப்படிச் சத்தம் போடுற மாதிரி செஞ்சிருப்பாரா?" என்றாள். அவர் சிரித்த சிரிப்பில் சட்டைப் பொத்தான் தெறித்தது.

இந்த வருஷம் பள்ளி நாடகத்தில் டெலிபோனைக் கண்டுபிடித்தவராக அவரே நடிப்பதாக ஏற்பாடு. ஒட்டுத்தாடி மேடையில் விழுந்தால் மானம் போய்விடும் என்று சொந்தமாகவே வளர்த்தார். தாடியால் தொல்லையில்லை. மீசைதான் கூரை மாதிரி இறங்கி உதட்டை மூடியது. ஒருநாள் சாயங்காலம் அவர் பேசினார். அவளுக்கு மயிர் அசைவது மட்டும் தெரிந்தது.

உப்பு கேட்டால் தண்ணீர் கொடுத்தாள். கேள்விக்கெல்லாம் "ஆமாங்க" என்றாள். ஏதோ கோபத்தில் இருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தறிக்கூடத்தில் விஷயம் தெரிந்த பக்கத்துத் தறிக்காரி உதட்டாலேயே திட்டினாள்: "காது கேக்கலைன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானேடி!"

"சொன்னா, நோயாளிகிட்ட பேசுற மாதிரி ரெண்டு வார்த்தையோட நிறுத்திடுவார். அந்தக் கதையெல்லாம் போயிடும்டி."

அன்று சாயங்காலம் அவர் வெகுநேரம் பேசினார். அவர் கண் சுருங்கியது. வேடிக்கைக் கதை போல என்று எண்ணி அவள் கலகலவென்று சிரித்தாள். அவர் முகம் விழுந்துவிட்டது. எழுந்து போகத் திரும்பினார்.

இதற்குமேல் அவளால் முடியவில்லை. கையைப் பிடித்து உட்காரவைத்தாள். விரலால் அவர் மீசையை மெல்லத் தூக்கினாள்.

"இப்பச் சொல்லுங்க."

அவர் புரியாமல் விழித்தார். அவள் பார்வை தன் உதட்டைவிட்டு நகராததைக் கண்டதும்தான் விளங்கியது.

"எப்பலேர்ந்து?"

"சின்னவ பொறந்தப்பவே மந்தம். இப்பச் சுத்தமா இல்லைங்க."

அவள் விரல் இன்னும் மீசையைத் தூக்கியபடியே இருந்தது. "நான் பேசறப்பல்லாம் என் முகத்தையே பார்ப்பியே. அது ஆசையிலன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"அதுவும்தான்."

அவர் மீசையைத் தானே இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் சிரித்த அதே கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். டெலிபோனைக் கண்டுபிடித்தவரின் மனைவிக்குக் காது கேட்காது. ஊரெல்லாம் அந்தக் கருவியில் பேசியது. அவளால் மட்டும் அதில் கேட்க முடியாது. கணவர் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள்.

அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது.

"ஏங்க, புத்தகத்துப் படத்துல அவருக்கும் இதே மாதிரி புதர் மீசைதானே?"

வாத்தியார் யோசித்தார். "ஆமா."

"அய்யோ பாவம், அந்தம்மா!" என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலைத் தேடி எழுந்தாள்.