திருமழிசைச் சந்தையில் தக்காளி லாரியை இழுத்த காலை

"எபி அண்ணே, ஒடனே வா. தக்காளி லாரி ஒண்ணு சேத்துல எறங்கிகினு கீது. பின்னாடி ஒரு வண்டி நகரல."

போனில் பேசியது செல்வராணி. கோயம்பேட்டில் முட்டைக்கோஸ் மொத்த வியாபாரம் செய்தவர். அவருடைய லோடு வண்டி எங்கே நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார். பூந்தமல்லியில் ரெக்கவரி வண்டி வைத்திருந்தேன். பிரேக்டவுன் ஆன லாரி, பள்ளத்தில் விழுந்த பஸ், எதுவானாலும் வின்ச் என்கிற சுழல் உருளையில் இரும்பு ரோப்பைச் சுற்றி இழுப்பதுதான் என் தொழில். இன்று ஓய்வில் இருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் ஏதாவது சொல்லச் சொன்னால் இந்தக் காலையைத்தான் சொல்வேன்.

அது கொரோனா வந்த முதல் கோடை. நோய் பரவுகிறது என்று கோயம்பேடு மார்க்கெட்டை மூடிவிட்டு, திருமழிசையில் வெட்டவெளியில் தகரக் கொட்டகை போட்டுத் தற்காலிகச் சந்தை திறந்திருந்தார்கள். சென்னைக்குப் போகும் காய்கறியில் பெரும்பங்கு அங்கே இறங்கித்தான் போனது. முந்தின இரவு பெய்த மழையில் அந்தத் தரை முழுக்கக் களியாகிவிட்டது.

என் மனைவி கிரேஸ் வாசலை மறித்து நின்றாள். "ஊரே ஊட்டுக்குள்ள கீது. உனுக்கு சுகர் வேற. நீ மட்டும் இன்னாத்துக்கு அங்க போற?"

"அங்க வண்டி நின்னுச்சுன்னா தெருத்தெருவா காய் போவாதும்மா."

அவள் உள்ளே போய் இன்னொரு மாஸ்க் கொண்டுவந்து, போட்டிருந்ததன் மேலேயே போட்டுக்கொள்ளச் சொன்னாள்.

சேற்றில் சாய்ந்த லாரி

போய்ப் பார்த்தால் நான் நினைத்ததைவிட மோசம். கர்நாடகாவின் கோலாரிலிருந்து தக்காளி ஏற்றி வந்த லாரி, வெளியே போகும் வழிக்குக் குறுக்கே நின்றது. இடது பின்சக்கரம் அச்சு வரை புதைந்து, வண்டி அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. அதற்குப் பின்னால் வீட்டு வாசலில் விற்கப் போகும் மினி வேன்கள் காய் ஏற்றிக்கொண்டு வரிசையாக நின்றன. அவை வெளியேற வேறு வழி கிடையாது.

டிரைவர் நாராயணப்பா ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தார். மிதிக்க மிதிக்கச் சக்கரம் இன்னும் கீழே போனது. சாய்ந்த பக்கத்திலேயே பத்துப் பதினைந்து பேர் தோள் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வண்டி கவிழ்ந்தால் அத்தனை பேரும் அடியில்.

"இன்ஜின ஆஃப் பண்ணு! எல்லாரும் அந்தாண்ட போ!" என்று கத்தினேன். யாரும் கேட்கவில்லை. சந்தைப் பொறுப்பில் இருந்த இளம் அதிகாரி ஒருவர் ஓடிவந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஆளுங்களத் தள்ளி நிறுத்துங்க சார். அது போதும்."

அவர் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு முழங்கால் சேற்றில் இறங்கினார். இரண்டு கையையும் விரித்து எல்லோரையும் பின்னால் அனுப்பினார். கடைசி வரை அங்கேயே நின்றார்.

நாராயணப்பா ஸ்டியரிங்கை விடாமல், கன்னடம் கலந்த தமிழில் அழுதார். "பண்டி விழுந்தா நானு போச்சு அண்ணா. பண்டி என்து இல்ல."

"விழாது. நா சொல்றப்ப மட்டும் ஸ்டார்ட் பண்ணு, போதும்" என்றேன். எனக்கே அது நிச்சயமில்லை.

பாதி லோடை இறக்க வேண்டும் என்றதும் சுமைதூக்கும் ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்களோடு, வழக்கமாக ஒருவரோடு ஒருவர் விலைக்குச் சண்டை போடும் மொத்த வியாபாரிகளும் தக்காளி கிரேட் பெட்டிகளைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். தக்காளி யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

என் வண்டியைத் தார் ரோட்டில் நிறுத்தி, ரோப்பை லாரியின் அடிச்சட்டமான சேசிஸில் மாட்டி இழுத்தேன். லாரி அசையவில்லை. ஈரத் தாரில் என் வண்டிதான் சேற்றை நோக்கி வழுக்கியது. உடனே வின்ச்சை நிறுத்தினேன். ரோட்டில் நின்ற இன்னொரு லாரியை என் வண்டிக்குப் பின்னால் சங்கிலி போட்டுக் கட்டினேன். பிடிமானம் கிடைத்தது. ஆனால் புதைந்த சக்கரம் ஏறி வர அடியில் கெட்டியாக ஏதாவது வேண்டும். ஜல்லி கொண்டுவரப் போனால் வெயில் ஏறிவிடும், காய் வாடிவிடும்.

செல்வராணி தன் கடையைத் திரும்பிப் பார்த்தார். அன்று வந்து இறங்கிய முட்டைக்கோஸ் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

"எங் கோஸ எடுத்துப் போடுண்ணே."

"நல்ல சரக்கும்மா அது."

"தெர்து. ஒரு நாள் என் கடை காலியா இருந்தா இன்னா? அத்தினி வேனும் காலியாப் போவக் கூடாது. போடு நைனா, போடு!" என்று சுமைக்காரரைப் பார்த்துக் கத்தினார். முதல் மூட்டையை அவரே இழுத்துவந்தார்.

சக்கரத்துக்கு முன்னால் குழி வெட்டி மூட்டைகளைத் திணித்தோம். மறுபடி வின்ச்சைப் போட்டேன். ரோப் விறைத்தது. "இப்ப, நாராயணப்பா! மெதுவா!" கோஸ் நொறுங்கும் சத்தம் கேட்டது. சக்கரம் அதன் மேல் ஏறியது. லாரி ஒரு குலுங்கு குலுங்கி நிமிர்ந்து தார் ரோட்டுக்கு வந்தது. சந்தையே விசில் அடித்தது.

நாராயணப்பா குதித்து இறங்கி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். யாரும் யாரையும் தொடாத நாட்கள் அவை. நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பின்னால் நின்ற மினி வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. அம்பத்தூர், ஆவடி, போரூர் என்று பிரிந்து போயின. ஒவ்வொரு டிரைவரும் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனார். செல்வராணி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். புடவை முழுக்கச் சேறு. அவ்வளவு கம்பீரமான ஆளை நான் பார்த்ததில்லை.

கற்றுக்கொண்டது

பிறகு சந்தை கோயம்பேட்டுக்கே திரும்பிவிட்டது. அந்த வருஷத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் உத்தரவுகளையும் ஊரடங்கையும் எழுதுகிறார்கள். எழுதட்டும். இந்த மாநிலத்தின் வரலாற்றில் ஒரு காலை எங்களுடையது என்று நான் தைரியமாகச் சொல்வேன். அன்றைக்குச் சென்னை சமைத்த குழம்பில் எங்கள் கையும் இருந்தது.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று. வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால் முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். ஆட்களை அப்புறப்படுத்துங்கள். ரோப்பை பம்பரில் மாட்டாதீர்கள், சேசிஸில் மாட்டுங்கள். அப்புறம், சுற்றி நிற்கிறவர்களிடம் வாய்விட்டு உதவி கேளுங்கள். என் வின்ச் பெரிய வின்ச்தான். ஆனால் அந்த லாரியை அது தனியாக இழுக்கவில்லை.