தில்லிக்குப் போன கருப்பட்டி

ஞாயிற்றுக்கிழமை மாலை நிஜாமுதீன் நிலையத்தில் இறங்கினேன். திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். என் துணிமணியெல்லாம் ஒரு தோள்பைக்குள் அடங்கிவிட்டது. மற்ற இரண்டு மூட்டையும் தங்கை செல்வி கேட்டாள் என்று கொண்டுவந்தவை: குதிரைவாலி எட்டுக் கிலோ, கொஞ்சம் கம்பு, வரகு, உடன்குடிக் கருப்பட்டி ஐந்து கிலோ.

லோதி ரோட்டில் இருக்கும் அரசுக் குடியிருப்புக்கு நாலைந்து கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் இருநூறு ரூபாய் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேரம் பேசி நூற்றைம்பதுக்குப் படிய வைத்தேன். மூட்டையைத் தூக்கி வைத்தவர் உள்ளே இருப்பது கல்லா என்று கேட்டார். சாப்பாட்டுச் சாமான் என்றேன்.

"தில்லி மே கானா நஹி மில்தா க்யா, பாய் சாப்?" என்று, தில்லியில் சாப்பாடே கிடைக்காதா என்கிற மாதிரி அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த மூட்டைகளுக்குக் காரணம் செல்வியின் கணவர் முருகேசன். மத்திய அரசு அலுவலகத்தில் செக்ஷன் ஆபீசர். மூன்று மாதத்துக்கு முன்னால் சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்தது. கண்ணிலும் லேசாகப் பாதிப்பு தெரிகிறது, மூன்று மாதத்தில் இறங்காவிட்டால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், நம் பழைய சாப்பாட்டாலேயே இறக்கிக் காட்டுகிறேன் என்று செல்வி வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். வருகிற வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றுதான் என்னையும் வரச் சொன்னாள்.

வாசலில் செல்வி முதலில் மூட்டையைத்தான் வாங்கினாள்.

"வாண்ணே. கருப்பட்டி உடையாம வந்துச்சா?"

அண்ணன் உடையாமல் வந்தானா என்று கேட்க நாதியில்லை.

ராத்திரி வரகு அடையும் முருங்கைக்கீரைத் துவட்டலும். சோறு என்ற பேச்சையே காணோம். மூன்று நாள் ரயில் சாப்பாடு சாப்பிட்டு வந்தவனுக்கு ஒரு கை ரசம் சாதம் கிடைக்காதா என்று நான் அடுக்களையை எட்டிப் பார்த்தேன். செல்விக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு நாளைக்கு ஒரு தானியம், ஒரு கீரை, ஒரு பயறு, ரெண்டு காய்ண்ணே. எல்லாம் முழுசா, தோலோட. சீனி, மைதா, தீட்டின அரிசி மூணும் இந்த வீட்டு வாசப்படி ஏறாது."

"இட்லி?"

"கம்பு இட்லி."

முருகேசன் தலையைக் குனிந்து அடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அவருக்குக் கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பி கொடுக்கிறாள். அலுவலகத்துக்கு டப்பாவில் எள்ளுருண்டை. மாலையில் வந்ததும் மறுபடி காப்பி. படுக்கும் முன் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் விட்ட பாசிப்பயற்றுக் கஞ்சி. நானும் ஒரு தம்ளர் குடித்தேன். அமிர்தமாக இருந்தது. இப்படி ஒருத்தி வாய்க்க மாப்பிள்ளை கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று வாய் விட்டுச் சொன்னேன். முருகேசன் லேசாகச் சிரித்தார்.

திங்கட்கிழமைதான் முதல் அதிர்ச்சி. செல்வி குதிரைவாலியைத் தட்டில் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாள் உள்ளே வந்தார், தட்டைப் பார்த்தார், செல்வியைப் பார்த்துக் கைகூப்பினார். செல்வியின் மகள், பதினாலு வயதுக் கயல் எனக்கு மொழிபெயர்த்தாள். தில்லியில் பிறந்த பிள்ளை, தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

"மாமா, இது இங்க சாமக் சாவல். நவராத்திரி விரதத்துக்கு ஒன்பது நாள் மட்டும் ஆன்ட்டி சாப்பிடுவாங்க. அம்மா சால் பர், வருஷம் ஃபுல்லா விரதம் இருக்காங்கன்னு சொல்றாங்க. பஹுத், ரொம்ப பக்தியாம்."

"விரதம் இல்லன்னு நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேண்ணே, நம்ப மாட்டேங்குதாங்க" என்றாள் செல்வி. அடுப்பில் சின்ன வெங்காயச் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. விரத வீட்டில் வெங்காய வாசனையா என்று அந்த அம்மாள் மூக்கைச் சுளித்தபடி போய்ச் சேர்ந்தார்.

எனக்கு அது பெரிதில்லை. சாயங்காலம் பக்கத்து மார்க்கெட்டுக்குப் போனால், நவராத்திரி சமயம் ஆயிற்றே, ஒவ்வொரு மளிகைக் கடை வாசலிலும் அதே குதிரைவாலி! சாக்குச் சாக்காக, கிலோ நூற்று நாற்பது ரூபாய்க்கு. எட்டுக் கிலோவைத் நடைமேடை நடைமேடையாகச் சுமந்து வந்த என் இடுப்பை நினைத்துப் பார்த்தேன். ஆட்டோக்காரர் சிரித்தது சரிதான். செல்வியிடம் கத்தினேன்.

"அதெல்லாம் தீட்டினதுண்ணே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை நால்வரும் ஜங்புராவில் இருக்கும் டாக்டரிடம் போனோம். கயலுக்குப் பள்ளி விடுமுறை. ஆட்டோவில் செல்வி பட்டுச்சேலை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் பாராட்டப்போகிறார் என்று அவளுக்கு நிச்சயம். எனக்கும்தான்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி முன்பு எட்டு புள்ளி இரண்டு. இப்போது ஒன்பது புள்ளி நாலு. எண் எனக்கும் புரிந்தது.  என்னென்ன சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்க, செல்வி இந்தியில் ஒன்று விடாமல் சொன்னாள். காப்பி, எள்ளுருண்டை, கஞ்சி எல்லாம். டாக்டர், முருகேசன் பக்கம் திரும்பி நாலு வாக்கியம் பேசினார். முருகேசன் மின்விசிறியைப் பார்த்தார். செல்வி முருகேசனைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன சொல்லுதாரு?" என்று கயலின் கையைப் பிடித்தேன்.

"மாமா, டாக்டர் ஃபர்ஸ்ட் டேவே, அப்பா தனியா வந்தப்ப, அப்பாகிட்ட சொல்லிட்டாராம். சீனி, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் உடம்புக்குள்ள போனா சேம்தானாம். ஒரு ஸ்பூன்கூடக் கூடாதுன்னாராம்." அவள் நிறுத்தினாள். "அப்பா அம்மாகிட்ட சொல்லவே இல்ல."

 படித்த மனிதர், ஃபைலில் ஒரு காற்புள்ளி தவறினால் திருப்பி அனுப்புகிறவர், மூன்று மாதம் வாயைத் திறக்கவில்லை! டாக்டர் ஊசி மருந்து எழுதிக் கொடுத்தார். குதிரைவாலியும் கம்பும் நல்லதுதான், ஆனால் குவித்துச் சாப்பிடக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

வீடு வந்து கதவைச் சாத்தியதும் செல்வி கேட்டாள்.

"ஏன் சொல்லல?"

"நீ விடியக்காலம் எந்திச்சு, அவ்வளவு ஆசையாக் கொண்டாந்து நீட்டும்போது எப்படிச் செல்வி சொல்ல? நாளைக்குச் சொல்லிக்கிடலாம், நாளைக்குச் சொல்லிக்கிடலாம்னே போயிட்டு." செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நல்லாவும் இருந்துச்சு" என்றார்.

"கண்ணு போச்சுன்னா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறது யாரு? நான்தான? அப்ப மட்டும் ஆசையா இருக்குமா?"

அவள் அடுக்களைக்குள் போய் ஓவென்று அழுதாள். எனக்கு முருகேசன் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. மாப்பிள்ளை ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அந்த வீட்டில் காப்பி இல்லை. சாப்பாட்டு மேசையில் ஊசி இருந்தது. செல்விதான் போட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு போட்டு முடித்தாள். முருகேசன் கண்ணை மூடிக்கொண்டார். அன்று மத்தியானம் தட்டில் பாதி பீன்ஸ் பொரியலும் கீரையும், கால்வாசி சுண்டல், ஓர் அவித்த முட்டை, மிச்ச இடத்தில் ஒரு கைப்பிடி குதிரைவாலி. "இன்னும் கொஞ்சம்" என்று அவர் தட்டை நகர்த்தினார். "கிடையாது" என்றாள். அந்தப் பதிலில் கோபமும் இருந்தது, அவர் மேல் வைத்திருந்த உயிரும் இருந்தது. புறப்படும் முன் ஐந்து கிலோ கருப்பட்டியையும் என் பையிலேயே திணித்துவிட்டாள்.

சனிக்கிழமை விடியற்காலை வண்டி ஏறினேன். ஆக்ரா தாண்டும் வரை மனம் ஆறவில்லை. மனிதன் இப்படியுமா இருப்பான்? எங்கள் வீட்டில் இந்த ஒளிவுமறைவெல்லாம் கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து தினமும் காலையில் நானே அருகம்புல் அரைத்துச் சாறு எடுத்து என் மனைவிக்குக் கொடுக்கிறேன், அவளும் மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொள்வாள். இருந்தாலும் சும்மா ஒரு வார்த்தை கேட்டு வைப்போமே என்று போன் போட்டேன்.

"ஏட்டி, அந்த அருகம்புல் சாறு உனக்குப் பிடிச்சுத்தான குடிக்க?"

வண்டி ஒரு பாலத்தில் ஏறித் தடதடத்தது. சிக்னல் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். இருந்தது.

"பிடிக்காது" என்றாள். "குமட்டிக்கிட்டு வரும்."

"பின்ன ஏன் இத்தனை நாளும் சொல்லல?"

"கல்யாணமாகி முப்பத்திரண்டு வருசத்துல நீங்க அடுக்களைக்குள்ள வந்தது அது ஒண்ணுக்குத்தான. சொன்னா வராம இருந்துருவியளோன்னு இருந்துட்டேன்."